புருவத்தில் ஒரு பிறை

"நெற்றியில் என்னடா காயம்?" அம்மாவின் முகம் போன் திரையை நிறைத்தது. இடித்துக்கொண்டேன் என்றேன். பொய்யில்லை, இடித்தது துப்பாக்கியின் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி.

ஒஹாயோவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இனி நானும் உள்ளூர்க்காரன்தான் என்ற மிதப்பில், பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்கு அழைத்ததும் பயிற்சி வகுப்பு, உரிமம் எல்லாம் முடித்து 12 கேஜ் ஷாட்கன் வாங்கினேன். நேர்ச்சுவர்த் தோட்டா (கழுத்தில் குறுகாத கூடு கொண்டது) போடும் ரைஃபிளை இங்கே மான் வேட்டைக்கு 2014இல் அனுமதித்துவிட்டார்கள். பெரியவர்தான் ஸ்லக் என்ற ஷாட்கன் குண்டை விடுவதாயில்லை. ஒரு அவுன்ஸ் ஈயம், ஒரே கட்டியாகப் பாயும். தோளுக்குக் கிடைப்பது கழுதை உதை.

பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று, தள்ளுபடியில் கிடைத்த 16 மடங்கு ஸ்கோப்பை மாட்டினேன். காட்சி முழுதாகத் தெரிய, கண்ணை மூன்று அங்குலத்துக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதல் வெடியிலேயே அதன் விளிம்பு புருவத்தில் பிறை வரைந்துவிட்டது.

"மரங்களுக்கு நடுவே 50 கெஜத்தில் நிற்கும் மானுக்கு எதற்கு நிலா பார்க்கும் கண்ணாடி?" என்றார் பெரியவர். அந்தத் தூரத்தில் அது காட்டியது மானை அல்ல, மயிரை. கண்ணை எங்கே வைத்தாலும் சரி என்று, குறிக்குச் செம்புள்ளி காட்டும் ரெட் டாட் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். என் பார்வைக் கோளாறுக்கு அந்தச் செம்புள்ளி மத்தாப்பாகச் சிதறியது. கடைசியில் ஒன்று முதல் நான்கு மடங்கு வரை போதும், கண்ணுக்கு நாலு அங்குல இடம் வேண்டும் என்று முடிவானது.

ஊர்த் திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கிக்கு ஸ்கோப்பா இருந்தது? குறிமுள்ளே வளைந்திருக்கும். "பச்சையைச் சுட சிவப்பைக் குறி வை, தம்பி" என்பார் கடைக்காரர். பச்சை வெடிக்கும்.

சீசன் தொடங்குவது நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை. அங்கே கார்த்திகை. அப்பா மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில், வீட்டில் முட்டைகூட உடைக்காத நாட்கள். இங்கே நான் சட்டப்படி ஆரஞ்சு மேல்சட்டையில், விடியுமுன் மரத்தின்மேல். பெண்மான் ஒன்று வந்தது. என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துப் பார்த்தேன், வெறும் மரங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. திருஷ்டிதான் என்று முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னாள். போட்டேன். எனக்கு நெடியே தெரியவில்லை; கூரையிலிருந்த புகை அலாரத்துக்குத் தெரிந்தது. அது அலறிய அலறலில் பெரியவர் கதவைத் தட்டினார்.