அல்சூர் வீட்டுக்குள் கேட்6 இழுத்த கதை

பெங்களூரு அல்சூரில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் தடிமனுக்கு வைஃபை பின்னறை வரை வருவதே பெரிய விஷயம், அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போய், இன்டர்நெட்டை வயர் வழியே கொண்டுபோகும் கேட்6 கேபிள் வாங்கிவந்து நானே இழுத்துவிட்டேன். வாங்கும்போது உள்ளே இருக்கும் கம்பி முழுச் செம்பா என்று கேளுங்கள்; அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைத் திணிக்கவே கூடாது. சும்மா கிடந்த டிவி கேபிளின் நுனியில் புதியதை டேப் சுற்றிக் கட்டி, அந்தப் பக்கம் மனைவி தள்ள, இந்தப் பக்கம் நான் இழுக்க, வந்துவிட்டது.

அப்புறம் கிரிம்பிங், அதாவது கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது; கண்ணுக்கு வேலை அதுதான். உள்ளே இருக்கும் எட்டு வயர்களின் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. 100 மீட்டர் நீளம் வரை 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) வேகம் தாங்கும், எங்கள் வீட்டில் அந்த நீளத்தில் கால்வாசிகூட இல்லை.