வயிறு நிறைந்த எலியில் பச்சைப் புள்ளிகள்

போன மாதம் மூன்று நாட்கள், ஸ்லைடு லேபிள்களை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சுண்டெலிக்கு 24 மணி நேரம் தண்ணீர் மட்டும். இன்னொன்றுக்கு வழக்கமான தீனி. இரண்டிலுமே எல்சி3 என்ற புரதம் பச்சையாக ஒளிரும். செல் தனக்குள் இருப்பதையே ஒரு சவ்வுப் பையில் சுற்றிச் செரிக்கத் தொடங்கினால், அந்தப் பை மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஆட்டோஃபேஜி என்பது இதைத்தான். பட்டினி கிடந்த எலியின் கல்லீரலில் புள்ளிகள் நிறைய, மற்றதில் சொற்பம். சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இரண்டிலுமே நிறைய இருந்தன.

மறுபடி செய்தேன். அதேதான். கைடு பார்த்துவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்லம்மா, மிசுஷிமாங்கிற ஜப்பான் ஆராய்ச்சியாளர் 2004லயே இதைப் பார்த்திருக்கார்" என்றார்.

பசியே இல்லாமல் ஏன் தின்ன வேண்டும்? நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்கள் தைமஸில்தான் வளர்கின்றன. உடலின் சொந்தப் புரதத்தை வலுவாகப் பற்றிக்கொள்ளும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிய வேண்டும், இல்லையென்றால் நம் உடலையே தாக்கும். அதற்காகத் தைமஸின் சட்டகம் போல இருக்கும் எபிதீலியல் செல்கள் நம் புரதங்களைத் துண்டாக்கி அவற்றுக்குக் காட்டுகின்றன. சிடி4 என்ற வகை டி செல்களுக்கு அந்தத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகை மூலக்கூறு, பொதுவாக வெளியிலிருந்து விழுங்கியதைத்தான் ஏந்தும். செல்லுக்குள்ளேயே இருக்கும் புரதம் அதில் ஏற ஆட்டோஃபேஜி ஒரு வழி. அந்தப் புள்ளிகள் பசிக்கானவை அல்ல, பாடம் நடத்துவதற்கானவை!

அன்றிரவே லுட்கர் க்ளைன் குழுவின் 2008 ஆய்வைப் படித்தேன். ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணு இல்லாத கரு எலியின் தைமஸை, தைமஸே இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த எலிகளுக்குப் பெருங்குடலில் கடும் அழற்சி, வேறு உறுப்புகளிலும் அழற்சி. தாக்கிய டி செல்களில் மரபணுக் குறை எதுவும் கிடையாது. அவை அந்தந்த எலியின் சொந்த மஜ்ஜையிலிருந்து வந்தவை. பயிற்சி கொடுத்த இடத்தில்தான் ஓட்டை. இந்த இடத்தை நான் நாலு தடவை படித்தேன்.

டி செல்களுக்கும் ஆட்டோஃபேஜி வேண்டும். தைமஸை விட்டுக் கிளம்பும்போது அவை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குறைத்துக்கொள்கின்றன. அது நடக்காவிட்டால் வெளியே போய்ச் சாகின்றன. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

வயதாக ஆகத் தைமஸ் சுருங்கிவிடும். அடுத்த வாரம் ஒன்றரை வயது எலி ஒன்று கிடைக்கிறது. மிச்சமிருக்கும் எபிதீலியல் செல்களில் இந்தப் புள்ளிகளை எண்ணப் போகிறேன்.