'க்ரோனிக்': இறுதி நாட்களில் துணையிருப்பவர்களுக்காக ஒரு படம்

நோய் முற்றி இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குத் தொண்டராகத் துணையிருக்க விரும்பி வழி கேட்கும் இளையோரிடம், முதலில் 'க்ரோனிக்' படத்தைப் பாருங்கள் என்றே சொல்லிவருகிறேன். மெக்சிக்கோவைச் சேர்ந்த மிஷேல் ஃபிராங்கோ எழுதி இயக்கிய இச்சுயாதீனப் படம், 2015 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றது. ரிம் ரோத் நடித்திருக்கும் டேவிட், நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று சம்பளத்துக்குப் பராமரிக்கும் ஆண் தாதி; தொண்டர் அல்லர். ஆயினும் தொண்டர் கற்கவும் அஞ்சவும் வேண்டியவை அவரிடம் நிறைய உண்டு.

எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு பெண்ணை அவர் குளிப்பாட்டும்போது கமரா அசைவதில்லை, நம்மை அழவைக்க இசையும் வருவதில்லை. பராமரிப்பு உண்மையில் அப்படிப்பட்டதுதான்: உடலைத் துடைப்பது, படுக்கைப்புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, உலர்ந்த உதடுகளை நனைப்பது, பிறகு பேச்சின்றி அருகில் இருப்பது. அந்த மெதுவான நேரத்தை வெட்டாமல் காட்டும் துணிவு பெருமுதலீட்டுப் படங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொரு காட்சி. அப்பெண் இறந்தபின், மதுச்சாலையில் சந்திக்கும் முன்பின் அறியாத இருவரிடம், அவள் தன் மனைவி என்று டேவிட் சொல்கிறார். பராமரித்தவரின் அன்பு, இறந்தவரையே தனதாக்கிக்கொள்ளும் உரிமையாகத் திரிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய தாயின் கட்டிலருகே, வட்ஸ்அப் அழைப்பில் மகனின் முகம் தெரியும்படி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அயலவராகவோ தொண்டராகவோ இருப்பார். "நீதான் பிள்ளை எனக்கு எல்லாம்" என்று ஆச்சி கையைப் பிடிக்கும்போது நெஞ்சு நெகிழாதவர் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி மகளின் இடத்தில் அமர்ந்துவிட்டால், விமானமேறி வந்து சேரும் உண்மையான மகளுக்கு அவ்வீட்டில் இடம் இருக்காது.

படத்தின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு நேரம் காத்த பொறுமையை இயக்குநர் கடைசிக் காட்சியில் ஓர் அதிர்ச்சிக்காகக் கைவிட்டுவிட்டார். தன் உயிரை முடித்துக்கொள்ள உதவும்படி டேவிட்டிடம் கேட்கும் புற்றுநோயாளியின் பகுதியையும் தொண்டர்கள் தனியாகப் பார்த்துவிட்டு விடாமல், அனுபவமுள்ள தாதி ஒருவருடன் இருந்து பேசவேண்டும். "போதும், என்னைப் போகவிடுங்கோ" என்ற வார்த்தை இங்கும் காதில் விழும். அதற்குப் பின்னால் தணிக்கப்படாத நோவு இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வேதனையும் இருக்கலாம். தொண்டர் அதற்குத் தாமாக மறுமொழி தேடாமல், கேட்டதை அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லவேண்டும். மோர்பின் போன்ற மருந்தின் அளவை மாற்றி அந்த நோவைத் தணிக்க அவரால் முடியும்.