ஸ்டார்ட் ஆகாத செயின்சா: செய்முறைத் தேர்வில் எங்கே கை வைப்பது?

ஐ.டி.ஐ.யில் விவசாய இயந்திர மெக்கானிக் படிப்பவர்களுக்காகவும், சிறு எஞ்சின் பழுதுபார்க்கும் பயிற்சிக்குப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஸ்டார்ட் ஆகாத ஒரு செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின். பழுதைக் கண்டுபிடித்து, ஏன் அந்த முடிவுக்கு வந்தேன் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடினால் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். எதை முதலில் பார்க்கிறோம், அதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறோம் என்பதைத்தான் அவர் கவனிக்கிறார்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் மரத்தூளில் அடைத்திருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதும் ஒரு சோதனைதான், பழைய பெட்ரோலின் புளித்த வாடை தனியாகத் தெரியும். கயிறு இழுக்கும்போது மெஷின் தரையில் இருக்கட்டும். செயின் பிரேக் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது காலின் ஷூ நுனியை வைத்து, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டபடி இழுக்கிற பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது ஆபத்து, தேர்விலும் வேண்டாம், வேலையிலும் வேண்டாம்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். என்னைக் கேட்டால் இந்தத் தேர்வில் பாதி விடை பிளக்கிலேயே இருக்கிறது. சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தடுப்பு) போட்டுச் சிலமுறை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வருகிறது, ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை, டேங்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வரை பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள்தான் நேரம் போதாமல் திண்டாடுகிறார்கள்.

எனக்குக் கொடுத்த மெஷினில் பிளக் நனைந்திருந்தது. முனையில் கரி, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. "பெட்ரோல் வருகிறது சார், கார்புரேட்டரைத் தொடப்போவதில்லை" என்று சொல்லிவிட்டு, பிளக்கைத் துடைத்து, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) முனை இடைவெளி பார்த்தேன். பெரும்பாலான செயின்சாக்களுக்கு அது 0.5 மி.மீ. பிறகு ஒயர் நுனியில் இருக்கும் மூடியைப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி சிலிண்டரில் நன்றாகத் தொடும்படி பிடித்துக் கயிறை இழுத்தேன். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். துளை வழியாக வெளியே வரும் பெட்ரோல் ஆவி அந்த ஸ்பார்க்கிலேயே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் வரவில்லை. புது பிளக் போட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் பலரும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஒன்று பாக்கி இருக்கிறது. சுவிட்சை ஆஃப் செய்தால் எஞ்சின் நிற்பது எப்படி? காயிலிலிருந்து சுவிட்சுக்கு வரும் ஒயர் பாடியோடு எர்த் ஆகிறது, ஸ்பார்க் நின்றுவிடுகிறது. அந்த ஒயரின் உறை உரசித் தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், சுவிட்ச் ஆனில் இருந்தாலும் எஞ்சினுக்கு அது ஆஃப்தான். ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு இழுத்தேன், நீலமாகப் பளிச்சென்று ஸ்பார்க் வந்தது. தேய்ந்த இடம் கைப்பிடிக்கு அடியில் இருந்தது.

ஒயரைச் சரிசெய்ததும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடாது. அதுவரை இழுத்த இழுப்பில் உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும். பிளக் வெளியே இருக்க, சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தபடி நன்றாகப் பலமுறை இழுத்து அதை வெளியேற்றுங்கள். அப்புறம் காய்ந்த பிளக்கை மாட்டி, சோக் போடாமல் இழுத்தால் பிடித்துக்கொள்ளும்.

"பிளக் காய்ந்திருந்தால் என்ன செய்வாய்?" என்று தேர்வாளர் கேட்டார். உங்களையும் கேட்பார்கள். டேங்குக்குள் ஹோஸ் நுனியில் இருக்கும் ஃபில்டரை வளைந்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். அது சரியென்றால் ஹோஸில் வெடிப்பு, அதுவும் சரியென்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வு. செயின்சாவைச் சாய்த்தும் படுக்கவைத்தும் அறுக்க வேண்டியிருப்பதால் அதில் பழைய பைக் கார்புரேட்டரில் இருப்பது போல மிதவை கிடையாது, மெல்லிய டயாப்ரம்தான் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. அது விறைத்துப்போனால் பெட்ரோல் வராது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விரும்பிக் கேட்கிற கேள்வி இது.

தேர்வுக்கு வெளியே, கடைக்கு வரும் மெஷின்களில் நான் அதிகம் பார்ப்பது பழைய பெட்ரோல்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டது இந்த மெஷின். அப்படி அவசரத்துக்கு எடுக்கிற பொருள் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கிறது, டேங்கில் பெட்ரோலோடு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரும் கெடும். ஒரு மாதத்துக்கு மேல் வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவையும் மனதில் வையுங்கள்: 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. எந்த அளவு என்பது மெஷினையும் ஆயிலையும் பொறுத்தது, கையேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பார்க்கும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, இழுக்கும்போது கயிறு லூசாக வருகிறது என்றால் கம்ப்ரஷன் குறைவு, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் போதவில்லை. சைலன்சரைக் கழற்றி, எக்சாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் நீளவாக்கில் கீறல் தெரிந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கக்கூடும். அந்த மெஷினில் கார்புரேட்டர் திருகுகளைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தேர்வாளரிடம் அதை அப்படியே சொல்லிவிட்டு, அடுத்து சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.