கணப்பின் சூடு அம்மாவுக்குத் தெரியவில்லை

கோத்தகிரியில் ஒரு மார்கழி இரவு. கணப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் அம்மா. தோல் பொசுங்கும் வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. குதிகாலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவருக்குச் சூடே உறைக்கவில்லை. அதற்கு முன்பே, செருப்பு கழன்றது தெரியாமல் தேயிலைக் காட்டில் நடந்திருக்கிறார். "குளிருக்கு மரத்துப்போகிறது" என்பார். நாங்களும் நம்பினோம்.

சர்க்கரைக்காக 11 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வழக்கமாகப் பார்க்கும் இடத்தில், "சர்க்கரை இருந்தால் கால் மரக்கத்தான் செய்யும்" என்று இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். ரத்தசோகை இல்லாததால் மேற்கொண்டு யாரும் தேடவில்லை. அந்தப் பதிலோடு திரும்பி வந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

குன்னூரில் பார்த்த வேறொரு மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "வைட்டமின் பி12 அளவு எப்போதாவது பார்த்தீர்களா?" ரத்தம் கோவைக்குப் போய் மூன்றாம் நாள் முடிவு வந்தது. 132 பிகோகிராம். 200க்குக் கீழே இருந்தாலே குறைபாடுதான்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. 1971இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்ட செய்தி இது. பிறகு ஏன் அம்மாவின் குறைபாடு இத்தனை காலம் வெளியே தெரியவில்லை? கல்லீரல்தான் காரணம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மைக்ரோகிராம் அளவுதான். கல்லீரலிலோ ஆயிரத்துக்கும் மேல் சேமிப்பு இருக்கும். வரவு குறைந்தாலும் அந்தக் கையிருப்பு பல ஆண்டுகள் ஈடுகொடுக்கும். அது கரைந்த பிறகுதான், பி12 இல்லாமல் நலியும் நரம்பு காட்டிக்கொடுக்கிறது.

அம்மா இன்னொரு வாசலையும் அடைத்திருந்தார். ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு' என்று வந்த நாள் முதல் முட்டை, கறி, பால் மூன்றையும் விட்டுவிட்டார். ராகிக் களி, அவரை, பால் விடாத தேநீர், அவ்வளவுதான். பி12 இயல்பாகக் கிடைப்பதோ அவர் ஒதுக்கிய உணவுகளில்தான்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா, டாக்டர்?" என்று கேட்டார் அம்மா.

"வேண்டாம் அம்மா. சர்க்கரைக்கு அது நல்ல மருந்து, கல்லீரலையும் கெடுக்கவில்லை. குறைந்ததை ஊசியில் கொடுத்துவிடலாம்."

1000 மைக்ரோகிராம் ஊசி, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரம் ஒன்று. இப்போது மாதம் ஒன்று. முட்டையும் தட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

ஆனி மழையில் தோட்டத்திலிருந்து வந்தவர், திண்ணையில் உட்கார்ந்ததும் குனிந்து கணுக்காலைத் தடவினார். "ஏதோ ஊர்கிறது" என்றார். அட்டை. நான் உப்பு எடுக்க உள்ளே ஓடினேன். சுண்டுவிரல்கள் இரண்டும் இன்னும் மரத்தபடிதான் இருக்கின்றன; ஆவணியில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.