ஒரு முடிச்சு போதும்

பொதுமக்களோடு சேர்ந்து நூலிலும் துணியிலும் பெரிய கலைப்படைப்பு செய்ய முனைபவர், யாரும் மீறாத ஒரே ஒரு விதியை மட்டும் வகுத்துவிட்டு, மற்ற அனைத்தையும் வந்து அமர்பவர்களின் கைகளுக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட, எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுப் போர்வையின் 1,920 துண்டுகளுக்கும் பொதுவாக இருந்தது 3 அடிக்கு 6 அடி என்ற அளவுதான். அதற்குள் இறந்தவரின் சட்டையையோ கடிதத்தையோ எதை வேண்டுமானாலும் தைக்கலாம். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பவளப்பாறையிலும் விதி ஒன்றுதான்: சில கண்ணிகளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு கண்ணி போட்டுக்கொண்டே போனால், பின்னல் தானாகவே நெளிந்து பவள வடிவம் பெறும்.

மலேசியாவின் பினாங்கில் மக்களோடு சேர்ந்து துணிச் சரங்கள் கட்டும் எங்களுக்கு அந்த ஒரே விதியைத் தந்தது, ஜார்ஜ் டவுனில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் பூக்கட்டும் முடிச்சு. எதிரெதிராக வைத்த பூக்களை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு மாட்டி இறுக்குவார்கள். நாங்கள் பூவுக்குப் பதிலாக, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமுமாகக் கிழித்த பழைய சேலைத் துண்டுகளை வைத்தோம். "எனக்குக் கலையெல்லாம் தெரியாதும்மா" என்று ஒதுங்கி நின்ற பாட்டி ஒருவர், நூலைக் கையில் எடுத்ததும் குனிந்துகூடப் பார்க்காமல் கட்டத் தொடங்கினார். அருகிலிருந்த சீன, மலாய்ப் பிள்ளைகள் அவர் விரல்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

தளர்ந்த முடிச்சுகளை இரவில் அவிழ்த்துச் சீராகக் கட்டிவிடலாம் என்று உதவியாளர்கள் கேட்டபோது நான் சம்மதிக்கவில்லை. கட்டியவர் மறுநாள் தன் பகுதியைத் தேடி வருவார். அங்கே வேறொருவரின் வேலை இருந்தால் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? படம் பிடிப்பதற்காகக் கடைசித் தையலை மட்டும் மக்களிடம் கொடுக்கும் படைப்புகளைப் பங்கேற்புக் கலை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பினாங்கின் ஈரக்காற்றில் பருத்தி கனத்துத் தொங்கும் என்பதால், சரங்களைத் தாங்கும் மேல்வரிசையை நைலான் மீன்வலையில் அமைக்கிறோம். அடுத்த சரத்துக்குத் துவைத்த பருத்திச் சேலைகள் தேவைப்படுகின்றன. சரிகை விரலை அறுக்கும். ஆகவே பட்டுச் சேலைகளைத் தயவுசெய்து தவிர்க்கவும்.