மக்பேலாவின் கிரயம்

எங்கள் குழுவின் பயணத் திட்டத்தில் எபிரோன் இல்லை. சோதனைச் சாவடி, தாமதம் என்று வழிகாட்டி இழுத்தார். பெத்லகேமில் ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் நானும் மனைவியும் வாடகைக் கார் பிடித்துவிட்டோம். முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வேதத்தின் முதல் நிலக் கிரயம் நடந்த ஊரைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

ஆபிரகாம் தன் மனைவி சாராளைப் புதைக்க வாங்கிய மக்பேலா குகைமேல் எழும்பி நிற்பது ஏரோது காலத்துச் சுவர். உள்ளே ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் யூதர்களின் ஜெபக்கூடம். 1994-இல் இங்கே தொழுகையில் இருந்த 29 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பிரிவினை. பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றினோம். மனைவிக்குத் தலைமூடியுள்ள அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள்.

குகைக்குள் யாரும் இறங்க முடியாது. மேலே இருப்பவை நினைவுக் கல்லறைகள்தாம். ஆபிரகாமுடையதைக் கம்பி வழியாகப் பார்த்தேன். பூவேலைத் துணி போர்த்தியிருந்தது. வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து, முணுமுணுவென்று வாசித்தேன்.

சாராள் 127 வயதில் இறந்திருக்கிறாள். நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் அதைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் மறுக்கிறார். அங்கேதான் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. இன்று வாய்வார்த்தையில் வந்த நிலத்துக்கு நாளை பிள்ளைகள் வழக்குப் போடுவார்கள், எத்தனை பார்த்திருக்கிறேன்! 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். ஊர்வாசலில் கூடியிருந்தவர்கள் சாட்சி. நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் எல்லாம் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மாவடை மரவடை உட்பட என்று நாங்கள் எழுதுவோமே, அதேதான்.

ஆனால் இந்தத் தேசம் முழுவதையும் கடவுள் அவருக்கு ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டார். ஆதியாகமம் 15-ஐப் புரட்டினால் எல்லையும் இருக்கிறது: எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரை. கிடாரியையும் ஆட்டையும் பிளந்து வைத்த துண்டங்களின் நடுவே, கடவுளின் அடையாளமாக, புகைகிற சூளையும் அக்கினியும் கடந்துபோயின. அயர்ந்த நித்திரையில் கிடந்த ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பெயர்) கடக்கவில்லை. அந்த உடன்படிக்கையில் கடப்பதே கையெழுத்து; அது கடவுளுடையது மட்டும். கிரயம் அல்ல, தான செட்டில்மென்ட். அப்படி எழுதி வாங்கியவர், மனைவியைப் புதைக்க, "அந்நியனும் பரதேசியும்" என்று சொல்லிக்கொண்டு விலைக்கு வாங்குகிறார். கையில் வந்தது ஒரு குகை, ஒரு வயல். அதைப் பற்றிக் கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் இல்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

பிறகு ஈசாக்கின் மண்டபத்தில், குகையை நோக்கித் திறக்கும் சிறு துவாரத்தின் அருகே சற்று நேரம் நின்றோம். சோதனைச் சாவடியைக் கடந்து மறுபக்கத்துக்கும் போனோம். அங்கும் ஆபிரகாமின் அதே கல்லறைக்கு ஒரு கம்பித் தடுப்பு. நரைத்த தாடியுடைய ஒருவர் அதில் நெற்றியை வைத்து நின்றார். எதிர்ப்புறம், சற்று முன்பு நாங்கள் நின்ற இடத்தில் யாரோ தொழுதுகொண்டிருக்கக்கூடும்.

காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: "ஆபிரகாமை இங்கே அடக்கம் செய்தது யார்?"

25-ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஒன்பதாம் வசனத்தைக் காட்டினேன். அவருடைய குமாரர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும், இருவரும் சேர்ந்து.